வெளியூர் வேலைக்குப் போகும் பாலூட்டும் தாய்க்கு: பீய்ச்சுவது முதல் வீடு சேர்ப்பது வரை

டெல்லியில் ஓர் ஓட்டல் அறை. மாலை ஆறரைக்குத் திரும்பி வந்து மினி ஃப்ரிட்ஜைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியவில்லை. முந்தின இரவும் அன்று விடியற்காலையும் பீய்ச்சி வைத்திருந்த 340 மில்லி பால் வெதுவெதுப்பாக உட்கார்ந்திருந்தது. காலையில் அறையைப் பூட்டிக் கதவு அட்டையை எடுத்துக்கொண்டு போனேனே, அதோடு அறையின் மொத்த மின்சாரமும் போயிருக்கிறது, ஃப்ரிட்ஜ் உட்பட. முழுவதையும் வாஷ்பேசினில் ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். மகளுக்கு அப்போது ஏழு மாதம். அதுதான் என் முதல் வேலைப் பயணம்.

ஆனால் அன்று பகலில் மூன்று முறை, நேரம் தவறாமல் பீய்ச்சியிருந்தேன். அதனால் மறுநாளும் பால் குறையவில்லை, மார்பும் கட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு போன பயணங்களில் எல்லாம் இந்த வரிசையைத்தான் பிடித்துக்கொண்டேன்: முதலில் மார்பு, அடுத்தது குளிர், கடைசியில்தான் பால். நேரத்துக்கு மார்பிலிருந்து பாலை இறக்கிவிட்டால், கையில் இருக்கும் பால் கெட்டாலும் நாளைக்கு ஊறும். பையிலிருக்கும் பாலைக் காப்பாற்றுவதில் மூழ்கி நேரத்தைக் கோட்டைவிட்டால் இரண்டுமே போகும். பால் தேங்கி நின்றால் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும்படிதான் உடம்பு பழகியிருக்கிறது.

படி 1: நான்கு வாரத்துக்கு முன்பே கணக்குப் போடுங்கள்

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு கிடைக்கிறது. ஆகவே பெரும்பாலோருக்கு முதல் பயணம் வருவது குழந்தைக்கு ஆறேழு மாதம் ஆகும்போதுதான். அதுவும் நல்லதே, அதற்குள் இணை உணவு தொடங்கியிருக்கும்.

தாய் பக்கத்தில் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 25 முதல் 30 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவுப் பயணம் என்றால் வாசற்படி தாண்டியதிலிருந்து திரும்பி வரும்வரை சுமார் 60 மணி நேரம். 1,500 முதல் 1,800 மில்லி தேவைப்படும். ஏழு மாதக் குழந்தை கஞ்சியும் மசித்த பழமும் சாப்பிடுமானால் இதில் கொஞ்சம் மிச்சமே ஆகும்.

இதைக் கடைசி வாரத்தில் சேர்க்க முடியாது. காலையில் குழந்தை குடித்து முடித்த பிறகு தினமும் ஒருமுறை கூடுதலாகப் பீய்ச்சுங்கள். அந்த நேரத்தில்தான் சுரப்பு நன்றாக இருக்கும். அறுபது மில்லி வந்தாலே நான்கு வாரத்தில் 1,700 மில்லி சேர்ந்துவிடும். முதல் நான்கைந்து நாள் வெறும் முப்பதுதான் வரும்; அதைப் பார்த்து மனம் உடையாதீர்கள். பாலை 60 அல்லது 90 மில்லிப் பைகளில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, உறையும்போது விரிவதற்கு மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டு, தட்டில் படுக்கவைத்து உறையவையுங்கள். தட்டையாக உறைந்தால் புத்தகம்போல் அடுக்கலாம், சீக்கிரம் இளகவும் செய்யும். தேதி கட்டாயம் எழுத வேண்டும்.

வைத்திருக்கும் காலம் பற்றி அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி சொல்லும் கணக்கு இது. 25 டிகிரிக்கு மிகாத அறையில் நான்கு மணி நேரம். 4 டிகிரி ஃப்ரிட்ஜில் நான்கு நாள். ஃப்ரீசரில் ஆறு மாதம் உத்தமம், பன்னிரண்டு மாதம்வரை பரவாயில்லை. உறைந்த ஐஸ் பேக்குடன் இருக்கும் குளிர்ப்பையில் 24 மணி நேரம். நம் ஊர் மே மாதத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் அறை 25 டிகிரி அல்ல. அங்கே நான்கு மணி நேரத்தை நம்பாமல், பீய்ச்சிய கையோடு குளிரில் வையுங்கள்.

படி 2: வீட்டில் ஒத்திகை

நீங்கள் இல்லாதபோது ஊட்டப்போகிறவர் யாரோ, அவர் கையால் குறைந்தது ஒரு வாரம் தினமும் ஒரு வேளை ஊட்டிப் பழக வேண்டும். நீங்கள் அந்த நேரம் மொட்டை மாடிக்கோ கடைக்கோ போய்விடுங்கள். தாயின் வாசனை அறையில் இருந்தால் குழந்தை வேறெதையும் வாயில் வாங்காது. என் மகள் பாட்டிலைத் துப்பினாள். என் அம்மா பரணிலிருந்து வெள்ளிப் பாலாடையை எடுத்தார், பத்து நிமிடத்தில் எண்பது மில்லி உள்ளே போனது. பாலாடை, சங்கு, சிறு கிண்ணம், எது ஒத்துவருகிறதோ அதுவே போதும். பாட்டில்தான் என்று கட்டாயமில்லை. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலை வாயில் ஊற்றாமல், அதுவே உறிஞ்சும்படி விளிம்பில் வைத்துக் கொடுக்க வேண்டும். கழுவுவதும் சுலபம்.

ஒரே ஒரு விஷயத்தைப் பாட்டிமார்களுக்கு நூறு முறை சொல்ல வேண்டும்: தாய்ப்பாலைக் காய்ச்சக் கூடாது. பால் என்றாலே அடுப்பில் ஏற்றிப் பொங்கவிடுவது நம் வீட்டுப் பழக்கம். அம்மா முதல் நாளே பாத்திரத்தைக் கையில் எடுத்துவிட்டார். நான் தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியது இதுதான்: முந்தின இரவே பையை ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்று. பழைய தேதியை முதலில் எடு. வெதுவெதுப்பான தண்ணீர்க் கிண்ணத்தில் பையை நிறுத்திச் சூடேற்று. அடுப்பும் வேண்டாம், மைக்ரோவேவும் வேண்டாம். மேலே ஆடைபோல் கொழுப்பு பிரிந்திருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, மெல்லச் சுழற்று. முழுதாக இளகிய பாலை 24 மணி நேரத்துக்குள் முடி, மறுபடி உறையவைக்காதே. குழந்தை வாய் வைத்து மிச்சம் விட்டதை இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கொட்டு.

ஒத்திகையின் இன்னொரு லாபம்: உறைந்து இளகிய பாலில் சிலருக்குச் சோப்பு வாடை வரும். பாலில் இருக்கும் லைப்பேஸ் என்ற நொதி கொழுப்பை உடைப்பதால் வருவது அது. குடித்தால் கெடுதல் இல்லை. ஆனால் சில குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது முன்கூட்டியே தெரிந்தால், இனி சேர்க்கும் பாலை ஓரங்களில் சிறு குமிழி வரும்வரை மட்டும் சூடாக்கி, உடனே ஆறவைத்து உறையவைக்கலாம். காய்ச்சக் கூடாது என்ற சட்டத்துக்கு இது ஒன்றுதான் விலக்கு. அதையும் நீங்களே செய்யுங்கள்.

படி 3: பம்ப்பும் பையும்

மின்சார பம்ப் ஒன்று, அதோடு கையால் அழுத்தும் சாதாரண பம்ப் ஒன்று. இரண்டாவதை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். சார்ஜர் மறந்துபோகும், ரப்பர் வால்வு கிழியும். ஒரு உபரி வால்வு ஜோடியும் போடுங்கள். இரவு பதினொரு மணிக்குத் தெரியாத ஊரில் அது கிடைக்காது. மார்பில் பொருத்தும் புனல் பெரும்பாலும் 24 மில்லிமீட்டர் அளவில் வருகிறது. பல பெண்களுக்கு அது பெரிது. காம்பு உரசி வலித்தாலோ, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் நிறைய உள்ளே இழுபட்டாலோ, பயணத்துக்கு முன்பே அளவை மாற்றுங்கள்.

எதுவும் இல்லாதபோது கை இருக்கிறது. கருவட்டத்துக்குச் சற்று வெளியே கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் வைத்து, நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றுசேர்த்துப் பிழிந்து விடுங்கள். தோலைத் தேய்க்காமல், விரல் வைத்த இடத்தைச் சுற்றிச் சுற்றி மாற்ற வேண்டும். வீட்டில் இரண்டு மூன்று முறை பழகிவிட்டால் அவசரத்தில் கைகொடுக்கும்.

குளிர்ப்பைக்கு விலை உயர்ந்தது தேவையில்லை. கனமான சாப்பாட்டுப் பை போதும். ஆனால் ஜெல் பேக்குகளை முழுதாக ஒரு நாள் ஃப்ரீசரில் வைத்திருக்க வேண்டும். நான்கு மணி நேரம் வைத்தால் வெளியே கல், உள்ளே கூழ். பாலை நடுவில் வைத்து இரு பக்கமும் ஜெல் பேக், இடைவெளி முழுக்கச் சிறு துண்டு. காலியிடம் இருந்தால் குளிர் நிற்காது.

உடை பற்றி யாரும் சொல்வதில்லை: புடவைதான் மிகச் சுலபம். தலைப்பே திரை. சல்வார் என்றால் முன்புறம் திறப்பது, அடர் நிறம், பூப்போட்டது. ஒழுகினாலும் தெரியாது. மார்பில் வைக்கும் பேட் நிறைய, மாற்று ரவிக்கை ஒன்று கைப்பையில். குழந்தை போட்டுக் கழற்றிய, துவைக்காத சட்டை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். அலுவலக அறையில் பால் இறங்க மறுத்தபோதெல்லாம் எனக்கு அதன் வாசனைதான் உதவியது. செல்போனில் வீடியோவும் பார்க்கலாம், ஆனால் வாசனைக்கு ஈடில்லை.

படி 4: போகும் இடத்தில் அறை கேட்பது

கேட்கக் கூச்சப்பட்டதால்தான் என் தோழி ஒருத்தி இரண்டு நாள் கழிப்பறையில் நின்றுகொண்டு பீய்ச்சினாள். குழந்தை சாப்பிடப்போவதைத் தயாரிக்கும் இடம் கழிப்பறை அல்ல. ஒரு வாரம் முன்பே, கூட்டத்தை ஏற்பாடு செய்பவருக்கு நான்கு வரி மின்னஞ்சல் போதும்: "நான் பாலூட்டும் தாய். காலை 11, மதியம் 2, மாலை 5 மணிக்குத் தலா 25 நிமிடம் எனக்கு இடைவேளை தேவை. உள்ளே தாழிடக்கூடிய, கேமரா இல்லாத அறையும் ஒரு பிளக் பாயிண்டும் இருந்தால் போதும். நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்துவிடுங்கள்." மன்னிப்பும் விளக்கமும் வேண்டாம். நேரத்தை எண்ணாகக் கொடுத்தால்தான் அது நிரலில் ஏறும். "இடையிடையே கொஞ்சம்" என்று எழுதினால் யாரும் நகர மாட்டார்கள்.

கேமரா என்பதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. பல கூட்ட அறைகளின் மூலையில் ஒன்று இருக்கும். உட்காரும் முன் நான்கு மூலையும் கூரையும் பாருங்கள். கண்ணாடிச் சுவர் அறையைக் காட்டினால், மருத்துவ அறையோ ஸ்டோர் ரூமோ கேளுங்கள்.

மகப்பேறு நலச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை, வழக்கமான ஓய்வு நேரத்துக்கு மேலாக, தந்தது; 2025 நவம்பரிலிருந்து அதே உரிமை சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் இருக்கிறது. 1961-இல் பழைய சட்டத்தை எழுதியவர்கள் குழந்தை எட்டும் தூரத்தில் இருக்கும் என்று நினைத்து எழுதினார்கள். பம்ப்பையோ விமானத்தையோ அல்ல. இருந்தாலும் மனிதவளத் துறையிடம் பேசும்போது அந்தப் பிரிவின் எண் கையில் இருந்தால் குரல் தானாக நிமிரும்.

படி 5: புறப்படும் நாள்

சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம் மூன்று மணி நேரத்துக்குள்தான். ஆனால் வீட்டிலிருந்து அலுவலகம்வரை ஏழு மணி நேரம். காலை 7 மணி விமானம் என்றால் என் நேரம் இப்படி இருந்தது: நாலே காலுக்குக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பாதுகாப்புச் சோதனை முடிந்த பிறகு ஆறேகாலுக்கு, வராவிட்டாலும் பரவாயில்லை என்று, பத்து நிமிடம். டெல்லியில் இறங்கியதும் பத்தரைக்கு ஒருமுறை. பெரிய விமான நிலையங்களில் குழந்தை பராமரிப்பு அறை உண்டு. பலகையைத் தேடி அலையாமல் பெண் ஊழியரிடம் கேளுங்கள்.

பம்ப்பைப் பதிவுப் பெட்டியில் போடாதீர்கள். பெட்டி தாமதமானால் அன்றைய நாளே போச்சு. உள்ளே லித்தியம் பேட்டரி இருந்தால் அதன் இடமும் கைப்பைதான். பவர் பேங்க்கும் அப்படியே: 20,000 எம்ஏஎச் என்பது சுமார் 74 வாட் ஹவர், நூறு என்ற வரம்புக்குள் அடங்கும். ஆனால் விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்தப் பல விமான நிறுவனங்கள் இப்போது விடுவதில்லை. பம்ப்பை முந்தின இரவே முழுதாக சார்ஜ் செய்துவிடுங்கள்.

சோதனையில் குளிர்ப்பையைத் தனித் தட்டில் வைத்து, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். வடக்கே "மா கா தூத்" (தாய்ப்பால்) என்ற மூன்று சொல் போதும், நின்றிருக்கும் ஆண் காவலர் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் பெண் காவலரைக் கூப்பிட்டுவிடுவார். எக்ஸ்ரேயால் பாலுக்குக் கெடுதல் இல்லை.

ரயில் என்றால் வேறு கணக்கு. சென்னை–கோவை வந்தே பாரத் ஆறு மணி நேரத்துக்குள் போய்விடும். ஏறும் முன் ஒருமுறை, இறங்கிய பின் ஒருமுறை என்று சமாளிக்கலாம். இரவு ரயிலில் நான் இரண்டாம் ஏசியில் மேல் படுக்கை கேட்பேன். திரைச்சீலை, மேலே ஒரு துப்பட்டா, சக்கரச் சத்தத்தில் பம்ப்பின் சத்தம் யாருக்கும் கேட்காது. இரவு பதினொன்றிலிருந்து ஐந்துவரை சார்ஜிங் முனைகளில் மின்சாரம் நிறுத்தப்படுவதுண்டு. பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். ரயில் பேசினில் பம்ப் உறுப்புகளைக் கழுவாதீர்கள், மாற்று ஜோடி கொண்டுபோங்கள். பேருந்துப் பயணத்துக்கு, 2015-இலிருந்து தமிழகப் பேருந்து நிலையங்களில் திறக்கப்பட்ட தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் இருக்கின்றன. பூட்டியிருந்தால் நேரக் காப்பாளரிடம் கேளுங்கள். பிளக் பாயிண்டை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கை பம்ப் அங்கேதான் உதவும்.

படி 6: ஓட்டலில்

அறைக்குள் நுழைந்ததும் செய்ய வேண்டியது கதவு அட்டைச் சோதனை. அட்டையை உருவிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்து விளக்கைப் பாருங்கள். அணைந்தால் வரவேற்பில் இரண்டாவது அட்டை கேட்டு, அதை நிரந்தரமாகச் சொருகி வையுங்கள். அறையைச் சுத்தம் செய்ய வருபவர் உருவிவிடாமல் மேலே ஒரு சீட்டு ஒட்டுங்கள். அடுத்தது, மினி ஃப்ரிட்ஜின் குளிர். பலவற்றில் குளிர்பானம் சில்லிடும், அவ்வளவுதான். 4 டிகிரி வராது. இருநூறு முந்நூறு ரூபாய்த் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். போதவில்லை என்றால் குளிர்ப்பையையே ஐஸ் பேக்கோடு ஃப்ரிட்ஜுக்குள் வையுங்கள், அல்லது சமையலறை ஃப்ரிட்ஜில் இடம் கேளுங்கள்.

ஜெல் பேக்குகளைச் சமையலறை ஃப்ரீசருக்குக் கொடுக்கும்போது அறை எண்ணையும் பெயரையும் டேப்பில் எழுதி ஒட்டுங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொடுக்க வேண்டாம், பாதி உங்களிடம் இருக்கட்டும். காலையில் கிளம்புவதானால் இரவுப் பணியாளரிடமும் சொல்லி வைக்க வேண்டும். மாலையில் வாங்கி வைத்தவர் காலையில் இருக்க மாட்டார்.

கழுவுவதற்கு உங்களுடைய சிறு பிளாஸ்டிக் கிண்ணம் கொண்டுபோங்கள். வாஷ்பேசினில் நேரடியாகப் போடாதீர்கள். சோப்பு, சூடான தண்ணீர், தனி பிரஷ், கடைசி அலசல் குடிநீரில், சுத்தமான துணியில் காற்றில் உலரட்டும். கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றலாம்; உறுப்புகளைக் கெட்டிலுக்குள் போடாதீர்கள், அதில் முன்பு யார் என்ன வேகவைத்தார்களோ. குழந்தைக்கு இரண்டு மாதம் ஆகவில்லை என்றாலோ குறைமாதத்தில் பிறந்தது என்றாலோ தினமும் ஐந்து நிமிடம் கொதிக்கவைப்பது அவசியம்.

இரவில் குழந்தை குடிக்கும் நேரத்துக்கு அலாரம் வையுங்கள். தூங்கிவிடலாம் என்ற ஆசை வரும், எனக்கும் வந்தது. காலையில் மார்பு கல்லாக இருந்தது. அப்படிக் கட்டிக்கொண்டால் பலமாகப் பிசைந்து உடைக்கப் பார்க்காதீர்கள், வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸ் பேக் வைத்து, வழக்கமான அளவு மட்டும் பீய்ச்சுங்கள். ஓரிடம் சிவந்து, காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். பாலூட்டுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாலூட்டும்போது எடுக்கக்கூடிய ஆன்டிபயாட்டிக்குகள் இருக்கின்றன.

படி 7: பாலோடு திரும்புதல்

மூன்று நாள் பயணத்துக்கு உறையவைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஃப்ரிட்ஜ் குளிரில் நான்கு நாள் இருக்கும் பால், மூன்றாம் நாள் இரவு வீட்டுக்கு வந்துவிடும். உறைந்த பால் வழியில் இளகினால்தான் சிக்கல். பாதி இளகி நடுவில் பனிக்கட்டி இருந்தால் மறுபடி உறையவைக்கலாம். முழுக்க இளகியிருந்தால் 24 மணி நேரம்தான். புதிதாகப் பீய்ச்சியதைப் பழைய குளிர்ந்த பாலோடு கலக்க வேண்டுமானால் முதலில் அதையும் குளிரவைத்துவிட்டுக் கலக்குங்கள். பைகளில் காற்று இல்லாமல் மூடுங்கள், விமானத்தில் காற்று விரிந்து பை உப்பும்.

ஒரு வாரத்துக்கு மேல் என்றால் உறையவைத்துத்தான் ஆக வேண்டும். உலர் பனி (டிரை ஐஸ்) ஒருவருக்கு 2.5 கிலோவரை, காற்று வெளியேறும் பெட்டியில், விமான நிறுவனத்தின் முன் அனுமதியோடு கொண்டுபோகலாம். இத்தனை பாடு வேண்டாம் என்று தோன்றினால் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வருவதும் ஒரு வழிதான். அதைச் செய்த பயணமும் எனக்கு உண்டு.

வேலைக்காக வெளிநாடு (ஆன்சைட்) போகிறவர்களுக்கு: அமெரிக்காவில் குழந்தை கூட இல்லாவிட்டாலும் 100 மில்லிக்கு மேல் தாய்ப்பாலும் ஜெல் பேக்கும் கைப்பையில் அனுமதி. பிரிட்டனிலும் குழந்தை இல்லாமல் கொண்டுபோகலாம், ஒரு கொள்கலன் 2,000 மில்லிக்கு மிகக் கூடாது. ஆனால் உறைந்த தாய்ப்பாலைக் கைப்பையில் விட மாட்டார்கள். உறையவைத்துக் கொண்டு லண்டன் விமான நிலையத்தில் நிற்காதீர்கள். இடையில் விமானம் மாறும் நாட்டின் விதியையும் பார்க்க வேண்டும், சோதனை அங்கேயும் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் ஓடிவந்து குடிக்கும் என்று கற்பனை செய்திருப்பீர்கள். என் மகள் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். கட்டாயப்படுத்தாமல், இரவு அரைத்தூக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கொடுத்தேன், பிடித்துக்கொண்டாள். அடுத்த இரண்டு நாள் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். பயணத்தில் கொஞ்சம் குறைந்திருந்தாலும் திரும்ப ஏறிவிடும். கொண்டுவந்த பைகளில் முதல் நாள் தேதி போட்டதை மறுநாளே பயன்படுத்துங்கள், மற்றதை அன்றிரவே ஃப்ரீசரில் வையுங்கள். ஜெல் பேக்குகளையும் துடைத்து உள்ளே போட்டுவிடுங்கள்.